வேட்டிக் கரை நனையவில்லை

“எல்லாம் சரிதாம்வே. மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?”

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, அதன் நடுவில் விரலை ஊன்றிக்கொண்டு நீர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் கணக்கு வாத்தியார். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகும் என்று சொன்னேன். “அது எனக்குத் தெரியாதாக்கும்? பள்ளமே ரோடா இருந்தா?” என்றீர். 

இன்று காலை அந்தக் கேள்விக்குப் பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் என் செருப்பு கிடக்கிறது. அடிப்பக்கம் மட்டும்தான் ஈரம். கட்டியிருக்கும் வேட்டியின் கரை கஞ்சி போட்ட விறைப்போடு அப்படியே இருக்கிறது. வெளியே ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. நனையாமல் வந்த கரையை ஒரு முறைக்கு இரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உமக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதேயும். எழுதுகிறவன் வாத்தியார். முதலிலிருந்துதான் வர முடியும்.

ஆற்றங்கரை ஊரான ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த நீரும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் அதே ஊரில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். நீர் சாலை வடிவமைக்கும் பொறியாளராகி, எந்தெந்த ஊர்ச் சாலைகளையோ வளைத்தும் நிமிர்த்தியும் விட்டு, கடைசி வேலைக்கு நம் பக்கம் வந்து சேர்ந்தீர். ஊருக்கு வெளியே நாற்கரச் சாலையும் துறைமுகத்துக்குப் போகிற சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம். அங்கே சிக்னல் இருக்கக் கூடாது. ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. எந்தத் திசையிலிருந்து வந்தவரும் எந்தத் திசைக்கும் திரும்பிப் போய்விட வேண்டும். வெறும் பொட்டலாக இருந்தால் இதில் பெரிய சிரமம் இல்லை என்பீர். அங்கேயோ எல்லாம் ஏற்கெனவே இருந்தது. ஒரு மூலையில் கிறிஸ்தவக் கோயிலும் கல்லறைத் தோட்டமும். ஊர்க்காரர்கள் வேதக்கோயில் என்று சொல்வார்கள். ஒரு மூலையில் அரிசி ஆலை. ஒரு மூலையில் குளத்துக்கரை. நான்காவது மூலையில் வயல். வயலைத் தாண்டினால் கீழக்குடியிருப்பு. அந்தச் சின்ன ஊர் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே வர ஒரே ஒரு பழைய தார்ச்சாலை. உம்முடைய பாலங்களுக்கு நடுவே அது எப்படியாவது நுழைந்து வந்தாக வேண்டும்.

“நாலு ரோடு கூடுற இடத்துல அப்படி என்ன ஓய் கஷ்டம்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நீர் என்னைத் திருப்பிக் கேட்டீர்.

“உம்ம பள்ளிக்கூடத்துல இண்டர்வெல் மணி அடிச்சா என்ன நடக்கும்?”

“மாடிப்படிக்குக் கீழ ஒரே இடி. மேலேருந்து எறங்குதவன், தண்ணிக் குழாய்க்கு ஓடுதவன், கழிப்பறைக்குப் போறவன்...”

“அங்கன நீரு கம்போட நின்னு, நீ போ, நீ நில்லுன்னா அது சிக்னல். நான் செய்யப் போறது அது இல்ல. ஆறாம் வகுப்பு கீழ ஓடும்போதே எட்டாம் வகுப்பு அவனுவ தலைக்கு மேல ஓடணும். ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டக் கூடாது. இம்புட்டு வேலையும் முடியுற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடவும் கூடாது. வெளங்குதா வாத்தியாரே?”

நன்றாகவே விளங்கியது. குடியிருக்கிற வீட்டைக் குடியிருந்தபடியே இடித்துக் கட்டுகிற வேலை அது. இருக்கிற சாலையில் பஸ் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேலும் பக்கத்திலும் புதுச் சாலை எழும்ப வேண்டும்.

வரைவதெல்லாம் கணினியில்தான். யோசிப்பது மட்டும் எங்கள் வீட்டு மேசையில். என் கண்ணாடிக்கூடு வேதக்கோயில். ஊறுகாய் பாட்டில் அரிசி ஆலை. தட்டு ஒன்று குளம். தம்ளர் கீழக்குடியிருப்பு. இவற்றுக்கு நடுவே வளைந்து ஏறி இறங்கும் சாலைகளுக்கு நீர் தேர்ந்தெடுத்தது பாவாடை நாடா. நூல் கண்ட இடத்தில் மடங்கும், அது பொய் சொல்லும் என்றீர். நாடா அப்படி இல்லை. படுக்கவைத்து ஒரேயடியாகத் திருப்பினால் கசங்கி எழுந்துகொள்ளும். “லாரியும் இப்படித்தாம்வே. மெதுவாத் திருப்புனாத் திரும்பும். வெடுக்குன்னு திருப்புனா மல்லாந்துரும்.”

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். “அண்ணாச்சி, போன வாரம் எடுத்த நாடாவே இன்னும் திரும்பி வரல.”

“அது இப்ப அரசாங்கச் சொத்து தங்கச்சி. கேக்கப்படாது.”

அவள்தான் ஒருநாள் மேசையைப் பார்த்துவிட்டு, “புள்ளிக் கோலம் மாதிரிதான இருக்கு, சுத்திச் சுத்தி இழுக்கிய” என்றாள். நீர் நாடாவைக் கீழே வைத்தீர். “கோலத்துல புள்ளியை நீ வைக்கே. இங்கன புள்ளியெல்லாம் நமக்கு முன்னாடியே வந்து உக்காந்துருக்கு.” அதற்கு அவள், “அப்பம் ஒரு புள்ளியையும் அழிச்சிராதிய” என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். “ஏ தங்கச்சி, ஊரைத் தூக்கிட்டுப் போறியே!” என்று நீர் பின்னாலேயே கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

சிக்கல் அந்தத் தம்ளரில்தான் இருந்தது. கீழக்குடியிருப்புச் சாலைக்கு மேலே ஒரு வளைவுப் பாலம் போக வேண்டும். கீழே பஸ் போகிற அளவுக்கு உயரம் வேண்டும். அந்த உயரத்துக்கு ஏற, வளைவுக்கு நீளம் போதவில்லை. பின்னால் கல்லறைத் தோட்டம் தடுத்தது. மேலே போக முடியாவிட்டால் கீழே போக வேண்டியதுதானே? பழைய சாலையை ஆள் உயரத்துக்குத் தோண்டி இறக்குவதாக வரைந்தீர்.

ஊர்க்கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். அந்தச் சாலையில் எதெல்லாம் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர். வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் உயரம், சப்பரத்தின் உயரம், கடைசியில் பாடையின் உயரம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் சிரிக்கவில்லை. நடவு வேலைக்குப் போகிறவர். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போகிறவர்.

“ஏன் சார், மழைக்காலத்துக்கு எங்களுக்குத் தோணியும் சேத்துத் தருவியளா?”

“என்னம்மா இப்படிக் கேக்கிய?”

“டி.வி.யில காட்டுதானுவளே. பாலத்துக்கு அடியில பஸ்ஸு மொதக்குது. டிரைவரு கூரை மேல உக்காந்து கை காட்டுதான். எங்களுக்கு இருக்கதே இந்த ஒரு வழி. அதுலயும் தண்ணி நின்னா, பிள்ளத்தாச்சிய எப்படிக் கொண்டு போவ? செத்தவன எப்படிக் கொண்டு போவ?”

“பக்கத்துல ஓடை இருக்கும்மா. தண்ணி அதுல வடிஞ்சிரும். ஒங்க சேலைக் கரை நனையாது. நான் சொல்லுதேன்.”

பாக்கியம் உம்மை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “சார்வாள், நீங்கதான் சாட்சி.” சும்மா கூடப் போனவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது நீர் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தீர்.

கேலியெல்லாம் ஆனி மாதம் வரைக்கும்தான். வேலை தொடங்கும் முன் இன்னொரு தடவை இடத்தைப் பார்க்கலாம் என்று என் ஸ்கூட்டரில் போனோம். பழைய சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் நீர் தலையைச் சாய்த்துக் கேட்டீர்.

“அது என்னவே சத்தம்?”

“தண்ணி சத்தம் மாதிரி இருக்கு.”

“இங்கன ஏதுவே தண்ணி?”

கருவேலஞ் செடிகளை விலக்கிக்கொண்டு போனால், வரைபடத்தில் ‘பயன்பாட்டில் இல்லாத ஓடை’ என்று குறித்திருந்த பள்ளத்தில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மண்வெட்டியோடு நின்றவர் நம் முகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்ன சார், தண்ணியவே கண்டதில்லையா? காருக்குத் தொறந்துட்டாங்கல்லா.”

ஆனியில் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்குக் கால்வாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நாம் ஓடை என்று நினைத்தது கால்வாயிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால். அளவு எடுத்தது சித்திரையில். வழக்கம்போலக் கால்வாயை அடைத்துவிட்டு மராமத்துப் பார்க்கிற மாதத்தில். நீர் அவரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டீர்: “கூட்டத்துல ஒரு ஆளாவது இதைச் சொல்லிருக்கலாம்லா?”

“நீங்க ஆழ்வார்திருநகரிக்காரருன்னு சொன்னாவ. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டோம்.”

 திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினேன். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தீர். பிறகு சொன்னீர்: “அளவெடுக்க வந்தவரு ஈரோட்டுப் பக்கத்துக்காரரு. ‘சார், இது என்ன, தண்ணி வருமா’ன்னு கேட்டாரு. நான்தான் சிரிச்சுக்கிட்டு, இது செத்த ஓடைன்னு சொன்னேன். கால்வாயில குதிச்சு வளந்த பயவே நான். சித்திரையில அடைப்பாங்கன்னு தெரியாதா எனக்கு? தெரிஞ்ச ஊருன்னு நெனச்சதாலதாம்வே கேக்கத் தோணல.”

வகுப்பிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கஷ்டமான கணக்கில் தப்புச் செய்யாத பையன், முதல் கணக்கில் தப்புச் செய்வான். தெரிந்த கணக்குதானே என்று முழுசாகப் படிக்க மாட்டான். அன்று உம்மிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தீர்.

தவறு எவ்வளவு பெரியது என்பது எனக்கு மேசையில்தான் புரிந்தது. ஐப்பசியில் மழை வரும். அதே ஐப்பசியில் அடுத்த போகமான பிசான சாகுபடிக்காக வாய்க்காலும் நிறைந்து ஓடும். மழைத் தண்ணீர் வாய்க்காலுக்குள் போக முடியாது. வாய்க்கால் தண்ணீர்தான் பள்ளத்துக்குள் இறங்கும். ஒரே வழியுள்ள ஊருக்கு அந்த வழியும் அடைபடும். பாக்கியம் கேட்ட தோணி விளையாட்டுப் பேச்சு இல்லை.

மேலிடத்தில் போய் உம் தவறை நீரே சொன்னீர். அங்கே என்னென்ன கேட்டார்கள் என்பதை என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னீர்: “மோட்டார் வச்சு எறச்சிரலாம், வரைபடத்தை மாத்த வேண்டாம்னு சொல்லுதாவ. மழை பெய்யும்போதுதாம்வே கரண்டு போவும்.”

அதன் பிறகு எங்கள் வீட்டு நாடாவுக்கு ஓய்வே இல்லை. வளைவை வேதக்கோயில் பக்கமிருந்து கழற்றி வயல் பக்கம் கொண்டுபோனீர். அங்கே ஏறுவதற்கு நீளம் கிடைத்தது. பாலம் உயர்ந்தது; பழைய சாலையை முழங்கால் அளவுக்கு இறக்கினால் போதும் என்றாயிற்று. துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். எனக்கு அது தோல்வி மாதிரிப் பட்டது. சுருக்கமான வழிதானே நல்ல வழி என்றேன். “யாருக்குச் சுருக்கம்? கார்ல போறவன் ஒரு நிமிசம் பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போவான். தலையில நாத்துக்கட்டோட நடக்குறவளுக்கு ஏத்தம் எறக்கம் கூடக் கூடாது.”

அந்த முழங்கால் பள்ளத்துத் தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டுமே? அப்போதுதான் ஆரம்பத்தில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டீர். கேட்டுவிட்டு ஊறுகாய் பாட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தீர். பிறகு, “அட, அதுவும் ரோடுதானவே!” என்று மேசையைத் தட்டியதில் அரிசி ஆலை உருண்டு கீழே விழுந்தது. வயலுக்குப் போகிற தண்ணீர் ஒரு சாலை. வயலிலிருந்து கழிந்து ஆற்றுக்குப் போகிற வடிகால் ஒரு சாலை. மழைத் தண்ணீர் வாய்க்காலோடு சேர வேண்டிய அவசியம் என்ன? வாய்க்காலுக்கு அடியில் குழாய் பதித்து, அந்தப் பக்கத்து வடிகாலுக்குக் கொண்டுபோய் விட்டால் போகிறது. வண்டிகளுக்கு மேலே செய்ததைத் தண்ணீருக்குக் கீழே செய்தீர். ஒன்றின் மேல் ஒன்று முட்டாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் போல.

மேலே இருக்கிற பாலத்தைப் பார்க்க எல்லாரும் வருவார்கள், அடியில் இருக்கிற குழாயை யாருமே பார்க்க மாட்டார்களே என்று நான் வருத்தப்பட்டேன். “அதைப் பாக்க ஆளு வந்தா, அது அடைச்சுக்கிட்டுன்னு அர்த்தம்வே” என்றீர்.

சில வருஷம் கழித்துப் பாலம் திறந்த அன்று நீர் ஆஸ்பத்திரியில் இருந்தீர். நல்ல வெயில், மாலை மரியாதை, பேச்சு எல்லாவற்றையும் நான் வந்து விவரித்தேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னது இது: “விழாவை வெயில்லதான் வப்பாங்க. பாலம் தொறக்குறது ஐப்பசியிலவே.” என் கையைப் பிடித்தீர். “மழை நல்லாப் புடிச்ச பெறவு ஒரு நடை போயிப் பாரும். வந்து எனக்குச் சொல்லும். பூசி மெழுகாமச் சொல்லணும்.”

புரட்டாசி முடிவதற்குள் போய்விட்டீர். அதன் பிறகு எனக்கு மழை என்றாலே பயமாகிவிட்டது.  தண்ணீர் நின்றிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வேன்? நிற்கவில்லை என்றாலும்தான் யாரிடம் சொல்வேன்? பாக்கியத்துக்கு நீர் கொடுத்த வாக்குக்கு நான் சாட்சி. அந்த வாக்கு என்னிடம் அல்லவா தங்கிவிட்டது?

மூன்று நாளாக மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை இனித் தள்ளிப்போட முடியாது என்று கிளம்பினேன். எங்கள் தெருவிலேயே கணுக்கால் வரை தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஆட்டோவைப் பிடித்தேன்; திரும்பும்போதும் அப்படித்தான். உம்முடைய வளைவில் ஏறியதும் ஓட்டுநர் புலம்பத் தொடங்கினார்.

“எவன் சார் இதைக் கட்டுனது? கிட்டக்க இருக்க எடத்துக்கு ஊரச் சுத்திப் போவ வேண்டியிருக்கு. ஒரு நிமிசம் வேஸ்ட்டு.”

“எனக்கு வேண்டியவருதான்” என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

துறைமுகச் சாலையிலிருந்து பழைய சாலை பிரியும் இடத்தில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பைய நடந்தேன் என்று சொல்ல வேண்டும்.  வாய்க்கால் பொங்கிக் கரையைத் தொட்டு ஓடியது. பாலத்தின் கீழ் இருட்டாகத் தெரிந்தது. தண்ணீரா, நிழலா என்று இந்தக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கிட்டே போனேன். நிழல்தான். தார் ஈரமாக மினுங்கியது. ஓரத்துக் கம்பி வலை வழியே தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது, நிதானமாக, வழி தெரிந்த ஆள் நடந்து போவது போல. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனி மாதம் உம்மைக் கலங்கடித்ததும் இதே சத்தம்தான்.

அங்கே நின்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டேன். நனைகிறதா என்று பார்க்க ஒரு பக்கம். உமக்கு முன்னால் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று தோன்றியது ஒரு பக்கம். அப்படியே அந்தக் கடைசி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

அந்தக் கடைசியில் திரும்புவதற்கு முன் எதிரே பாக்கியம் வந்தார். சாக்கை முக்காடு போல மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார், குடைக்குள் மகள்.

“என்ன சார்வாள், இந்த மழைக்குள்ள இங்கன?”

“சாட்சி சொல்ல வந்தேன்மா.”

ஒரு நொடி விளங்கவில்லை அவருக்கு. பிறகு குனிந்து தன் சேலைக் கரையைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார். “அந்த சார் இருந்துருக்கணும்” என்றார். “தோணி கேட்டு அவாளைக் கேலி பண்ணிட்டேன்.” மகள் கையை இழுத்தாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று. இருவரும் பாலத்துக்கு அடியில் நடந்து போனார்கள். அதன் பிறகு அந்தச் சாலையை அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மழைக்காலத்துச் சாலைக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும், சொல்லும்.

ஆக, நீர் கேட்டபடி வந்து சொல்லிவிட்டேன், பூசி மெழுகாமல். தண்ணீர் நிற்கவில்லை. நாள்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த கல்லை உம்முடைய அந்தப் பாலத்துக்கு அடியிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அந்த நாடா என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, நீர் பேனாவால் போட்ட குறிகளோடு. என் மனைவி இப்போது அதைக் கேட்பதில்லை. தெரிந்த இடத்திலும் ஒரு தடவை கேட்டுவிடுகிற பழக்கம் ஒன்றை உம்மிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டில் புதிதாகச் சுவர் எழுப்பினாலும் மனசுக்குள் உம் குரல் கேட்கிறது: தண்ணி எங்கவே போவும்?

இந்த மடல் உமக்குத்தான். வேறு யார் கையிலாவது போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரே ஒரு வேலை வைக்கிறேன். அடுத்த மழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.